முறை வைத்த ராஜமேரி

நல்லம்பள்ளியில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் இன்னாசிராஜிடம் பஞ்சர் ஒட்டப் போனால் ஒரு செய்தி இலவசமாகக் கிடைக்கும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே, "வெள்ளரிக்காய் கம்பெனியில லைன் லீடரு நம்ம தங்கச்சிதாங்க" என்பார். வந்தவர் இதைப் போன தடவையும் கேட்டிருப்பார். ஆனாலும் தலையாட்டுவார். சக்கரம் இன்னாசிராஜின் கையில் அல்லவா இருக்கிறது.

அந்தத் தங்கைதான் ராஜமேரி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமான புதிதில் மாம்பழக் கூழ் ஆலைக்குத் தோல் சீவப் போனாள். மாம்பழம் முடிந்தால் அங்கே வேலையும் முடிந்துவிடும். பிறகு நெடுஞ்சாலை ஓரம் வெள்ளரிக்காய் கம்பெனி வந்தபோது, கழுவும் தொட்டியில் சேர்ந்தாள். முழங்கை வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு இரண்டு வருடம் நின்றாள். அடுத்து ரகம் பிரிக்கும் மேசை. அதற்கப்புறம் பாட்டில் அடுக்கும் வரிசை. அந்த வரிசைக்குத்தான் அவள் லைன் லீடர்.

கம்பெனி வெள்ளரிக்காய் நாம் உப்பு மிளகாய்ப்பொடி தூவித் தின்கிற வெள்ளரிக்காய் அல்ல. விரல் நீளத்தில், மேலெல்லாம் சிறு சிறு முள்ளாக இருக்கும். அதைக் கண்ணாடி பாட்டிலில் நெருக்கி அடுக்கி, பூண்டும் கடுகும் போட்டு, வினிகர் ஊற்றி மூடிக் கப்பலில் ஏற்றுவார்கள். மாவட்டத்தில் அதை விளைவிக்கிறவர்கள் உண்டு, கழுவுகிறவர்கள் உண்டு, தின்கிறவர்கள் ஒருவரும் இல்லை. மூடி நசுங்கிய பாட்டில் ஒன்றை ராஜமேரி ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகள் பிளசி ஒரு கடி கடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். இன்னாசிராஜ் மட்டும் கண்ணில் நீர் வரத் தயிர்ச்சோற்றோடு முழு பாட்டிலையும் தின்று முடித்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "வெளிநாட்டுக்காரன் சும்மாவா வாங்கறான்."

"கண்ணுல தண்ணி வருதே மாமா" என்றாள் பிளசி.

"அது பூண்டு, கண்ணு."

ராஜமேரியின் கணவன் விக்டருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. கட்டடத்துக்குப் பலகை அடிக்கிற வேலை; ஒன்று முடிந்தால் அடுத்த கட்டடம் தொடங்கும். அங்கேயே தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். தாயும் மகளும் ஊரில் இருந்தார்கள். கம்பெனி வேன் நிற்கும் பாலம் ஸ்டாப் அவர்கள் வாசலுக்கு எதிரே இருந்தது. வேன் வருவதற்கு முன்பே தொப்பியும் ஏப்ரனும் மடித்த பையோடு ராஜமேரி நின்றிருப்பாள். அவளுக்காக வேன் ஹாரன் அடித்ததாக யாருக்கும் நினைவில்லை.

பிளசி பத்தாம் வகுப்புக்குப் போன அந்த வருடம் ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள், சூப்பர்வைசர் பூவரசன் பாட்டில் வரிசையை நிறுத்தச் சொன்னார். இளைஞர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். கையிலிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"அமெரிக்காவுல வரிய ஏத்திட்டாங்க. நம்ம பாட்டிலு அங்க போயி எறங்குனா வெல எங்கியோ போயிடுது. வாங்கறவங்க வேற நாட்டுல வாங்கிக்கறோம்கறாங்க."

சந்தை ஸ்டாப்பில் ஏறும் சமரீன் கேட்டாள்: "நாம என்னா சார் பண்ணோம் அவுங்கள?"

"நாம ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாததுக்கே இப்பிடின்னா, வினிகர கம்மியா ஊத்தியிருந்தா குண்டு போட்டிருப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பூவரசனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எல்லோரும் பாட்டில்களுக்குத் திரும்பினார்கள். ராஜமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டிலில் குற்றம் இல்லை. காயில் குற்றம் இல்லை. வாங்குகிறவர்களுக்கும் தங்கள் மேல் கோபம் இல்லையாம். அப்படியானால் இந்த வேலை எங்கே போகிறது?

கம்பெனியை மூடுவதாக யாரும் சொல்லவில்லை. வேறு நாடுகளுக்குப் போகிற சின்ன ஆர்டர்கள் கொஞ்சம் இருந்தன. அதற்கு நாளுக்குப் பத்துப் பேர் போதும். வரிசையில் இருந்ததோ நாற்பது பேர். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று பூவரசன் ராஜமேரியிடமே வந்தார்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா என்னயத்தான் ஏசுவாங்க."

அவள் அதிகம் யோசிக்கவில்லை. ஏரியில் தண்ணீர் குறைந்தால் ஊரில் என்ன செய்வார்கள்? முதல் மடைக்காரனுக்கே எல்லாம் என்று விடுவார்களா? முறை வைப்பார்கள். இன்று இந்த மடை, நாளை அந்த மடை. கடைசி வயலுக்கும் ஈரமாவது போய்ச் சேரும். வேன் நான்கு ஸ்டாப்புகளில் நிற்கிறது. ஸ்டாப்புக்குப் பத்துப் பேர் போல ஏறுகிறார்கள். வேலை இருக்கிற நாளில் ஒரு ஸ்டாப், அடுத்த வேலை நாளில் அடுத்த ஸ்டாப். எழுத வேண்டியதில்லை, சண்டை இல்லை, வேன் நான்கு இடம் சுற்ற வேண்டியதும் இல்லை.

பூவரசனுக்கு டீசல் மிச்சமானதில் சந்தோஷம். நாற்பது பேருக்கும் ராஜமேரியின் மேல் மரியாதை கூடியது. இன்னாசிராஜின் பட்டறையில் செய்தியும் நீண்டுபோனது. "நாப்பது பேருக்கும் நம்ம தங்கச்சிதாங்க முறை வெச்சுது. ஒருத்தர் வாயி தொறக்கல" என்றார். ஒரு பஞ்சருக்கு இரண்டு பஞ்சர் நேரம் ஆனது.

ஆனால் ஈரம் என்பது ஈரம்தான். அதில் நாற்று பிழைக்கும், விளையாது. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. ஐப்பசியில் விக்டர் போனில் சொன்னான்:

"மேஸ்திரிகிட்ட பேசிட்டன். ஒனக்கும் இங்க சித்தாளு வேல இருக்குது. ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க."

"பாப்பா பள்ளிக்கூடம்?"

"இங்கியும் இருக்குது பள்ளிக்கூடம்."

"பாதியில யாரு சேத்துக்குவாங்க? கன்னடத்துல பரிச்சை எழுதுவாளா?"

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச்சில் பரீட்சை. அதுவரை பிளசியை இந்த ஊரில், இந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க வேண்டும். ராஜமேரிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எதை நினைத்தாலும் நினைப்பு அங்கேயே வந்து முட்டி நின்றது.

வழியைக் கண்டுபிடித்தது சமரீன். மாமியாருக்கு இருமல் மருந்து வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனவள், சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

"அக்கா, நம்ம சம்பளத்துல மாசாமாசம் புடிக்கறாங்களே, அது மாத்திரைக்கு மட்டும் இல்லயாம். வேல போனாலும் மூணு மாசத்துக்குப் பாதி சம்பளம் கவர்மெண்டு குடுக்குமாம்."

"போனாலா?"

"ஆமாக்கா. போனாலாம்."

"நமக்குப் போயிடுச்சா?"

"அதத்தான் கேக்கணும்" என்றாள் சமரீன்.

கேட்கச் சேலத்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்னாசிராஜ் பட்டறையைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். இ.எஸ்.ஐ. ஆபீஸில் அவர்களை உட்காரச் சொன்ன அலுவலரின் பெயர் வெங்கடாசலம். ஓய்வு பெறப்போகிற வயது. அவசரமில்லாமல் கேட்டார்.

"இப்ப வேலையில இருக்கீங்களாம்மா, இல்லயா?"

"இருக்கறன் சார்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"வேல இல்லீங்க சார்."

அவர் அவளையே பார்த்தார். இன்னாசிராஜ் உதவிக்கு வந்தார். "லைன் லீடருங்க சார்."

"சரிங்க. கடைசியா என்னைக்கு வேலைக்குப் போனீங்க?"

"போன வியாழக்கெழம."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தின வாரம் செவ்வாக்கெழம. எங்க ஸ்டாப்பு முறை அன்னைக்குத்தான் வந்துது."

முறை என்றால் என்ன என்று அவர் கேட்டார். ராஜமேரி சொன்னாள். ஏரி மடையிலிருந்து ஆரம்பித்து, நான்கு ஸ்டாப், நாற்பது பேர், ஒருவரும் பசியோடு நிற்காதபடி எப்படி ஓட்டினார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்துவிட்டது.

"இத யாரு ஏற்பாடு பண்ணது?"

"எந்தங்கச்சிதாங்க" என்றார் இன்னாசிராஜ். பட்டறையில் சொல்லும் அதே குரல்.

வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"நல்ல ஏற்பாடுதாங்க. எங்க வூடா இருந்தா நானும் இப்பிடித்தான் பண்ணியிருப்பேன். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா, வேல போனவங்களுக்குத்தான் இந்த உதவி. கொறஞ்சவங்களுக்கு இல்ல. வேல போயி ஒரு மாசம் சும்மா இருக்கணும். அதுக்கப்புறம்தான் மனு எடுப்போம். நீங்க நாப்பது பேரும் கொஞ்சம் கொஞ்சம் வேல பாக்கறீங்க. அதனால நாப்பது பேருல ஒருத்தருக்கும் கெடைக்காது."

"ஒருத்தருக்குமா?"

"பத்துப் பேரே தெனமும் போயிட்டு மத்தவங்க நின்னிருந்தா, அந்த முப்பது பேரும் இந்நேரம் மனு போட்டிருக்கலாம்மா."

அவர் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். புதிதாகச் சேர்ந்து, சம்பளத்தில் பிடித்த சந்தா போதாதவர்களுக்கு எப்படியும் வராது. நிற்கிறவர்கள் தாங்களாகவே நின்றதாக எழுதிக் கொடுத்துவிடக்கூடாது; கம்பெனி நிறுத்தியதாகவே இருக்க வேண்டும். உதவி ஆயுளில் ஒரு முறைதான். ராஜமேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காதில் விழுந்தது, உள்ளே இறங்க இடம் இல்லை. முப்பது பேரும் இந்நேரம் என்ற சொற்கள் அங்கே உட்கார்ந்துகொண்டிருந்தன.

பஸ் தொப்பூர் மேட்டில் முக்கி முக்கி ஏறியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ராஜமேரி கேட்டாள்:

"ஏண்ணா, நான் பண்ணது நல்லதா கெட்டதா?"

இன்னாசிராஜ் வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகினார். எந்த வண்டி எந்தச் சத்தம் போட்டாலும் இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிறவர் அவர். "நல்லதுதான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நல்லது எப்பிடி இப்பிடி ஆவுதுன்னுதான் தெரியல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, பாலத்துக்கு அடியில் நாற்பது பேரும் கூடினார்கள். சமரீனின் கணவன் முனாப், பாப்பாரப்பட்டிச் சந்தைக்குத் துணி மூட்டை ஏற்றிப் போகும் ஆட்டோவில் சந்தை ஸ்டாப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினான். ராஜமேரி, ஆபீஸில் சொன்னதை அப்படியே சொன்னாள். மறைக்கவில்லை. தான் வைத்த முறையால்தான் யாருக்கும் உதவி வராமல் நிற்கிறது என்பதையும் சொன்னாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"வேலைக்குப் போனா உதவி இல்ல, போவாட்டி உதவியா? இது என்னா கூத்து?"

"அப்ப இத்தன நாளு நாம ஒரு நாளு கூலிக்கு அலஞ்சதுக்கு, வூட்டுலயே படுத்திருக்கலாம்."

"சரி, அந்தப் பத்துப் பேரு யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"சீட்டு குலுக்கலாம்" என்றாள் சமரீன். "எம்பேரு வந்தா வேல, வராட்டி கவர்மெண்டு செலவுல மாப்ள மாதிரி ஒக்காந்துக்கறன்."

சீட்டு வேண்டியிருக்கவில்லை. போன வருடத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பத்துப் பதினோரு பேர் இருந்தார்கள். சின்னப் பெண்கள். அவர்களுக்குச் சந்தா போதாது, நின்றால் வெறுங்கைதான். அவர்கள் உள்ளே இருக்கட்டும், சந்தா நிறைந்த பழைய ஆட்கள் எல்லோரும் வெளியே வரட்டும் என்றாள் ராஜமேரி.

கோயில்மேடு ஸ்டாப்புக்காரர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது. "பழசெல்லாம் வெளிய, நேத்து வந்தது உள்ளயா? எந்த ஊரு ஞாயம் இது?"

இன்னொரு குரல் இன்னும் நேராக வந்தது. "எல்லாரையும் வெளிய தள்ளிட்டு நீ மட்டும் உள்ள இருந்துக்குவ. லைன் லீடரு இல்லாம லைனு ஓடுமா?"

"நான்தான் மொதல்ல வெளிய" என்றாள் ராஜமேரி.

அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் வீட்டிலிருந்து நினைத்து வரவில்லை. வாய் சொல்லிவிட்டது. நாற்பது பேரும் கேட்டுவிட்டதால், இனி அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. அந்த நேரத்தில் பாலத்தின் மேலே ஒரு லாரி போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பூவரசன் அவள் அடையாள அட்டையை வாங்கத் தயங்கினார்.

"அக்கா, தானா நிக்கறன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு ஆர்டரு வந்ததும் நானே கூப்புட்டுக்குவேன். கம்பெனி நிறுத்துனதுன்னு பதிஞ்சா மறுபடி எடுக்கறது என் கையில இல்ல. மேல கேக்கணும்."

"தானா நிக்கலியே சார்."

"அது தெரியும்."

"அப்ப தெரிஞ்சத எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் தொப்பியையும் ஏப்ரனையும் துவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மேசையில் வைத்தாள். முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான பேர் அவள் பின்னால் வரிசையில் நின்றார்கள். பாட்டில் வரிசையில் நிற்பது போலவே, உயர வரிசைப்படி.

சும்மா இருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். ராஜமேரிக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. காய்கறிக் கூடையில் கத்திரிக்காய் எல்லாம் காம்பு மேலே பார்க்க ஒரே உயரமாக நின்றன. பிளசி பார்த்துவிட்டு, "எந்த நாட்டுக்கும்மா போவுது இது?" என்றாள். அடித்தட்டில் டம்ளர்கள் வட்டமாக நின்றன. கை விரல்களில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாமல் இருந்த வினிகர் வாசனை மெல்ல மெல்லக் குறைந்தது. அது போவதில் நிம்மதியா வருத்தமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் யாராவது "வேலைக்குப் போவல?" என்று கேட்டால், "இல்ல" என்பாள். ஏன் என்று கேட்டால் பதில் நீளமாக இருந்தது. போகவில்லை, போகக்கூடாது, போனால் போச்சு. கேட்டவர் பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

விக்டரிடம், இந்த மாதம் முடியட்டும் என்று கெடு வாங்கியிருந்தாள். உதவி வந்தால் மார்ச் வரை ஊரில். வராவிட்டால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் பெங்களூர்.

மாதம் முடியச் சில நாட்களே இருக்கும்போது பூவரசனின் போன் வந்தது.

"அக்கா, ஒரு கன்டெய்னரு அவசரமா போவணும். சின்னப் பசங்க அடுக்கறது சரியா வரல. வாங்கறவங்க போட்டோ கேக்கறாங்க. இந்தச் சரக்கு திரும்பி வந்துட்டா அந்தப் பத்துப் பேருக்கும் வேல இருக்காது. ரெண்டே நாளு வந்துட்டுப் போங்க."

"வந்தா என் மாசம் போயிடுமே சார்."

"பேரு எழுத வேணாங்க்கா. கையில குடுத்துடறேன். யாருக்குத் தெரியப்போவுது? காலையில வேன் அனுப்பறேன்."

போனை வைத்த பிறகு அவள் அடுப்பைப் பற்றவைத்து, எதற்குப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் அணைத்தாள். போகாவிட்டால் அந்தப் பெண்கள் பத்துப் பேருக்கும் வேலை போகும். அவர்களுக்கு உதவியும் கிடையாது. உள்ளே இருங்கள் என்று உட்காரவைத்ததே அவள்தான். போனால், ஒரு நாள்கூடப் போகாதீர்கள் என்று அவள் சொல்லி நிறுத்திய முப்பது பேரில் ஒருத்தி கண்ணில் பட்டால் போதும். மறுநாள் எல்லோரும் வேன் ஏறுவார்கள். யார் கண்ணிலும் படாவிட்டாலும், அந்த வெங்கடாசலம் சார் மறுபடியும் கேட்பாரே. வேலையில் இருக்கிறீர்களா, இல்லையா? அந்தக் கேள்விக்கு ஒரு தடவை இரண்டு பதிலும் சொல்லி அவள் பட்டது போதாதா?

காலையில் வேன் வந்தது. பாலம் ஸ்டாப்பில் நின்று ஹாரன் அடித்தது. இத்தனை வருடத்தில் அவளுக்காக அடித்த முதல் ஹாரன். பிளசி பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். ராஜமேரி கதவுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கால் தானாக ஒரு எட்டு முன்னே போனது. ஹாரன் மறுபடியும் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "யாருக்குப்பா?" என்றார். டிரைவர் ஏதோ சொன்னார். பிறகு வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"போயிடுச்சும்மா" என்றாள் பிளசி.

"தெரியுது. நீ படி."

உச்சிவேளைக்கு முன்பே போன் அடித்தது. உள்ளே இருக்கிற சின்னப் பெண்களில் ஒருத்தி, தேவிப்பிரியா. அழுதுவிடுகிற குரல்.

"அக்கா, ஓரத்துல வெக்கறது நிக்கவே மாட்டேங்குதுக்கா. வினிகர் ஊத்துனா சாஞ்சுடுது."

"பாட்டில நேரா வெச்சா அடுக்கற?"

"ஆமாக்கா."

"படுக்க வெச்சு அடுக்கு. ஓரத்துக்கு ஒரே நீளமா பாத்து எடு. சுத்திலும் ஆனதும் நிமித்தி, நடுவுல குட்டையானத சொருவு. இறுக்கமா சொருவு. கடைசிக் காய் உள்ள போவ அழுவணும்."

"அழுவணுமா?"

"காயி அழுவணும். நீ இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு இன்னும் இரண்டு தடவை போன் வந்தது. பூண்டைப் பற்றி ஒரு தடவை, மூடியைப் பற்றி ஒரு தடவை. மூன்றாவது தடவை பேசி முடித்துப் போனை வைத்த பிறகுதான் ராஜமேரிக்குத் தான் சும்மா இருக்க வேண்டிய மாதம் நினைவுக்கு வந்தது. நேராகப் பட்டறைக்கு நடந்தாள். இன்னாசிராஜ் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார்.

"அண்ணா, போன்ல சொல்லிக் குடுத்தா அது வேல பாத்ததா ஆவுமா?"

அவர் ஸ்கூட்டருக்கு அடியிலிருந்தே யோசித்தார். "வாயால சொல்றது எப்பிடி வேல ஆவும்?"

"வாத்தியாருங்க வாயாலதான சொல்றாங்க. சம்பளம் வாங்கறாங்களே."

"ஒனக்குக் காசு குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அது வேல இல்ல. பேச்சு." வெளியே வந்து கையைத் துடைத்தார். ஆனால் முகம் தெளியவில்லை. "எதுக்கும் மனு போடறப்ப கேட்டுக்கலாம்" என்றார்.

கன்டெய்னர் போய்விட்டது என்று இரண்டு நாள் கழித்துச் சமரீன் வந்து சொன்னாள். போட்டோ அனுப்பியதில் வாங்குகிறவர்களுக்குத் திருப்தியாம். தேவிப்பிரியாவை லைனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம் பூவரசன். "நல்லது" என்றாள் ராஜமேரி. மனதாரத்தான் சொன்னாள். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. இரண்டும் எப்படி ஒரே நாளில் இருக்க முடியும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மாதம் முடிந்தது. மனுவைக் கணினியில்தான் போட வேண்டும் என்பதால், நல்லம்பள்ளி இ-சேவை மையத்துக்கு அண்ணனும் தங்கையும் போனார்கள். பின்னாலேயே சமரீனும் மற்றவர்களும் படி நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ராஜமேரிதான் முதல். கணினிக்கு முன் இருந்த பெண் ஆதார், வங்கி எண், கம்பெனி நிறுத்திய தேதி எல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இப்ப வேலையில இருக்கீங்களாக்கா?"

ராஜமேரி வாயைத் திறந்தாள். பதில் இந்தத் தடவை ஒன்றுதான். வேலைக்குப் போகவில்லை என்று தெருவில் சொல்லியிருக்கிறாள்; வேலையிலேயே இல்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இல்ல" என்றாள்.

"நிறுத்துனதுக்கு அப்புறம் வேற ஏதாச்சும் வேல பாத்தீங்களா?"

"போன்ல சொல்லிக் குடுத்தன்."

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தினாள். "என்னாது?"

"பாட்டில் அடுக்கறத. மூணு தடவ."

"காசு வாங்குனீங்களா?"

"இல்ல."

"அப்ப அதுக்கு இங்க எடமே இல்லக்கா" என்று சிரித்தாள் அந்தப் பெண். "வேற எதுவும் இல்லன்னு போட்டுக்கவா?"

ராஜமேரி அண்ணனைப் பார்த்தாள். இன்னாசிராஜ் வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து நின்றார். படியில் உட்கார்ந்திருந்தவர்கள், வெளியே ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பட்டறையில் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"போட்டுக்கம்மா. நம்ம தங்கச்சிக்கு வேல இல்ல."

படியிலிருந்து சமரீனின் சிரிப்பு முதலில் கேட்டது. "அண்ணா, எனக்கும் அப்பிடியே சொல்லுங்க" என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், மனுவை ஏற்றுக்கொண்டதாக ராஜமேரியின் போனுக்குச் செய்தி வந்தது. பிளசிதான் படித்துக் காட்டினாள். விக்டரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அந்தப் பக்கம் பலகை அடிக்கிற சத்தத்தில் அவனுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப மார்ச்சு வரைக்கும் இருங்க" என்றான். "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தெரியல."

"ஆர்டரு திரும்ப வருமா?"

"வருங்கறாங்க. வராதுங்கறாங்க."

பேசிவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். பிளசி பையை மாட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கம்பெனி வேன் வந்தது. சின்னப் பெண்கள் மூன்று பேர் ஏறினார்கள். தேவிப்பிரியா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். ராஜமேரியும் கையை ஆட்டினாள். வேன் போன பிறகும் சற்று நேரம் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.